அப்பா என்ன பண்றாரு?

காலை எட்டரை மணிக்கே விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே கல்யாணம் இல்லை. சென்னையில் பல மாடிக் கடை வைத்திருக்கும் ஜவுளி நிறுவனம் ஒன்று ஆள் எடுக்க வந்திருந்தது. பெயர் வேண்டாம். ஒரு வாரமாகவே பேருந்து நிறுத்தங்களில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சேல்ஸ், பில்லிங், பேக்கிங் வேலைக்கு ஆட்கள் தேவை; தங்குமிடம், உணவு இலவசம்; முன் அனுபவம் அவசியமில்லை; அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்.

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை என்று ஒவ்வொரு பஸ்ஸாக வந்து இறக்கிவிட்டபடி இருந்தது. கையில் பிளாஸ்டிக் ஃபைல், தலையில் பூ, பக்கத்தில் அம்மாவோ அண்ணனோ. நானும் அப்படித்தான் போயிருந்தேன். செய்தி எடுக்கப் போகவில்லை. என் அக்கா மகள் பி.காம். முடித்திருந்தாள், அவளுக்குத் துணையாக, சித்தியாகப் போனேன்.

என் அக்கா இருபது வருடமாக ஃபயராபீஸ் போகிறவள். வெளியூர்க்காரர்களுக்கு இந்த வார்த்தை புதிதாக இருக்கும். எங்கள் பக்கம் பட்டாசு ஆலை என்று யாரும் சொல்வதில்லை. பட்டாசு செய்யும் இடம் ஃபயராபீஸ், தீப்பெட்டி செய்யும் இடம் தீப்பெட்டி ஆபீஸ். விடிகாலையில் தூக்குச்சட்டியோடு ஆபீஸ் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற பெண்கள்தான் எங்கள் ஊர்களின் காலை. அன்றைக்கு அக்கா எங்களிடம் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். "எந்த வேலைன்னாலும் பரவால்ல. மருந்துப் பக்கம் மட்டும் என் பிள்ள வரக்கூடாது."

அந்தப் பயத்துக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் ஃபயராபீஸ் வெடித்து நாற்பது உயிர் அளவுக்குப் போனது. 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். 2024-ல் பிப்ரவரியிலும் மே மாதத்திலும் மறுபடி உயிர்கள் போயின. எங்கோ வெடிச் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு முதலில் போனை எடுக்கிற பழக்கம் இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு.

வேலைக்கும் உறுதி கிடையாது. சரவெடி கூடாது, பேரியம் கலந்த பச்சை உப்பு கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்று 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அந்த மாதங்களில் எத்தனை வீடுகளில் நகை அடகுக்குப் போனது என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளைப் படிக்கவைத்தால் இதிலிருந்து தப்பலாம் என்று நம்பினார்கள், படிக்கவும் வைத்தார்கள். 2023 பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் விருதுநகர் மாவட்டம். அப்படித் தேறி வந்த பிள்ளைகள்தான் அன்று மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

பத்துப் பத்துப் பேராக உள்ளே கூப்பிட்டார்கள். குரூப் இன்டர்வியூ என்றார் வாசலில் டோக்கன் கொடுத்த பையன். எதிரே இரண்டு ஆண்கள், ஒரு பெண்மணி, ஒரு பெரிய ரிஜிஸ்டர். துணைக்கு வந்தவர்கள் பின்னால் சுவரோரம் நின்றுகொள்ளலாம். அதனால் எல்லாமே என் காதில் விழுந்தது.

பெயர். ஊர். படிப்பு. அடுத்த கேள்வி, பத்துப் பேருக்கும் ஒன்றுபோல: "அப்பா என்ன பண்றாரு?"

"அப்பா இல்ல சார். அம்மா ஃபயராபீஸ் போறாக."

"கூடப் பிறந்தவங்க?"

"ரெண்டு தங்கச்சி சார்."

"வீட்டுல கடன் இருக்கா?"

அந்தப் பெண் ஒரு நொடி தயங்கினாள். இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? "குழுவுல வாங்கியிருக்கு சார்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். ரிஜிஸ்டரில் ஒரு டிக் விழுந்தது.

அப்பா சர்க்கரை ஆலையில் நிரந்தர வேலை, அண்ணன் திருப்பூரில் சூப்பர்வைசர் என்று சொன்ன பெண்ணிடம் இரண்டே கேள்வியோடு முடித்துக்கொண்டார்கள். டிக் விழவில்லை. பருத்திக்கும் பாலியெஸ்டருக்கும் என்ன வித்தியாசம், வாடிக்கையாளர் கோபப்பட்டால் எப்படிப் பேசுவீர்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. திறமை பார்த்தது ஒரே ஒரு இடத்தில். மேசையில் ஒரு புடவையை விரித்துப் போட்டு, மடித்துக் காட்டச் சொன்னார்கள். முந்தி வெளியே தெரிய, பார்டர் நேராக நிற்க, நொடியில் மடித்து நீவி வைத்தாள் திருத்தங்கல் பெண் ஒருத்தி. அந்தப் பெண்மணியே ஆச்சரியப்பட்டு, எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். "சின்னதுல இருந்து வீட்டுல காகிதக் குழாய் உருட்டுன கை மேடம்" என்றாள் அவள்.

எங்கள் ஊர்ப் பெண்களின் கை அப்படி. வேகம், கணக்கு, பிசகாத மடிப்பு. அந்தக் கைக்காக அவளைத் தேர்ந்தெடுத்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் டிக் அதற்கு முன்பே விழுந்துவிட்டது. தங்கச்சிகள் எத்தனை என்று சொன்னபோதே விழுந்துவிட்டது.

ஏன் இப்படி? வீட்டில் யாரும் தாங்கிப்பிடிக்க இல்லாத பெண், கால் வீங்கினாலும் நிற்பாள். திட்டினாலும் திரும்பி வரமாட்டாள். தங்கச்சி படிப்புக்குப் பணம் அனுப்ப வேண்டியவள் நடுவில் வேலையை விடமாட்டாள். அந்த மேசையில் அளந்தது அவளுடைய தேவையின் ஆழத்தை. தேவை எவ்வளவு ஆழமோ அவ்வளவு குறைவாகக் கேள்வி கேட்பாள் என்பது அவர்கள் கணக்கு.

இதைத் தமிழ்நாட்டுக்கு முதலில் உரக்கச் சொன்னவர் எங்கள் ஊர்க்காரர்தான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இயக்குநர் வசந்தபாலன் விருதுநகர்க்காரர். 2006-ல் 'வெயில்' படத்தில் இந்த மண்ணைக் காட்டியவர், 2010-ல் 'அங்காடித் தெரு' எடுத்தார். தென்மாவட்டத்துக் கிராமத்திலிருந்து ரங்கநாதன் தெருக் கடைக்கு ஆள் பிடித்துப் போகிற கதை. குடும்பக் கஷ்டம் உள்ள பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிற காட்சியைப் பார்த்தபோது சினிமாவுக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இத்தனை வருடம் கழித்து அதே கேள்வியை என் காதாலேயே கேட்டேன்.

விருதுநகருக்கு இதில் இன்னும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. 1903-ல் இங்கே பிறந்து ஆறு வயதில் தகப்பனை இழந்த ஒரு பையன், படிப்பைப் பாதியில் விட்டு, தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்கு நின்றான். காமராசர். அந்தக் காலத்தில் கடைக்கு ஆள் சேர்வது அப்படித்தான். மாமனோ பங்காளியோ 'நம்ம பையன்' என்று சொல்லிவிட்டால் போதும். அந்த முறையில் குறைகள் ஏராளம். சாதிக்கு வெளியே இருந்தவர்களுக்குக் கடைப்படியே கிடைக்காது. ஆனால் அந்தப் பையனுக்குச் சாயங்காலமானால் போக வீடு இருந்தது, கஞ்சி ஊற்ற அம்மா இருந்தார், அரசியல் கூட்டம் கேட்கத் தெரு இருந்தது. கல்லாவை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு ஓடினதால்தான் வீட்டார் கவலைப்பட்டு அவரைத் திருவனந்தபுரத்துக்கு இன்னொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு ஹாஸ்டலில் அடைபட்டு, கடை மூடியதும் வரிசையாக அழைத்துப்போகப்படும் பெண்ணுக்கு ஓட ஒரு தெரு இல்லை.

அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். முப்பதைத் தொட்டிருப்பார். ஏற்கெனவே ஒரு பெரிய கடையில் மூன்று வருடம் வேலை பார்த்து, கல்யாணத்துக்காக ஊர் திரும்பி, இப்போது மறுபடி வேலை தேடி வந்தவர். கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடித்துவிட்டு அமைதியாகக் கேட்டார்.

"சார், சம்பளச் சீட்டு மாசாமாசம் குடுப்பீகளா? பி.எஃப். நம்பர் குடுப்பீகளா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதெல்லாம் செட்டில்மென்ட்ல பாத்துக்கலாம்மா" என்றார் நடுவில் இருந்தவர்.

"சர்ட்டிபிகேட் ஒரிஜினலை நீங்களே வச்சுக்கிடுவீகளா சார்?"

"சேஃப்டிக்குத்தான். போறப்ப வாங்கிக்கலாம்."

"போன தடவ போறப்ப வாங்க ஏழு மாசம் அலைஞ்சேன் சார்."

அறை அமைதியாகிவிட்டது. மற்ற ஒன்பது பெண்களும் தரையைப் பார்த்தார்கள். என் அக்கா மகளும்தான். சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் அந்தப் பத்துப் பேரில் ஆறு பேரின் பெயர் இருந்தது. கேள்வி கேட்டவரின் பெயர் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா மகள் வெகுநேரம் பேசாமல் வந்தாள். ஆமத்தூர் தாண்டியதும் சொன்னாள்: "சித்தி, அந்த அக்கா கேட்டதத்தான் நானும் கேக்கணும்னு நெனச்சேன். நாங்க பத்துப் பேரும் கேட்டிருந்தா பத்துப் பேரையுமா வேணாம்னு சொல்லியிருப்பாங்க?"

நான் இந்தக் கட்டுரையை எழுதுவது அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

முதலில், அந்த அக்கா கேட்டதில் ஒன்றுகூடச் சலுகை இல்லை. எல்லாமே உரிமை. அவர் கேட்காத உரிமைகளும் சட்டத்தில் இருக்கின்றன. 1947-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. சுதந்திரத்துக்கு இணையான வயது அதற்கு. கடை ஊழியருக்கு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று அது சொல்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். அப்போதும் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நான்கு மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்தால் ஒரு மணி நேர ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடையில் வருங்கால வைப்பு நிதி கட்டாயம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, ஊழியரிடம் பிடிப்பது முக்கால் சதவீதம், முதலாளி கட்டுவது மூன்றேகால் சதவீதம். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் தொந்தரவு குறித்த புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் வருடச் சட்டம். கடை நடத்துகிற பெண்கள் விடுதியையும் 2014-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் அரசிடம் பதிவுசெய்திருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு பெண்ணை வேலை பார்க்கச் சொன்னால் அவளுடைய எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், வீடோ விடுதியோ போய்ச்சேரப் பாதுகாப்பும் வேண்டும்.

பிறகு உட்காரும் உரிமை. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஜவுளிக்கடையில் உட்காரக் கூடாது என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் கவுண்டரில் சாயக் கூடாது. காலை பத்து மணிக்கு நிற்கத் தொடங்கினால் இரவு கடை சாத்தும் வரை. கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டு நீலமாக ஓடும். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று வரும். ஊர் திரும்பிய பெண்கள் கல்யாணமாகிப் பல வருடம் கழித்தும் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பதை எங்கள் தெருவிலேயே பார்க்கலாம்.

பக்கத்துக் கேரளத்தில் இதை எதிர்த்துக் கிளம்பியவர்கள் கடைப் பெண்களேதான். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். கழிப்பறை வேண்டும் என்று ஆரம்பித்த போராட்டம் உட்கார நாற்காலி வேண்டும் என்று வளர்ந்து, 2018-ல் கேரளச் சட்டத்தையே திருத்தியது. அதற்குப் பின் 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிலாளர் நல அமைச்சர் சி.வெ.கணேசன் அதே திருத்தத்தைக் கொண்டுவந்தார். கடைகள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. ஊழியர் எல்லோருக்கும் உட்கார இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம். 'அங்காடித் தெரு' வந்து பதினொரு வருடம் கழித்து.

சட்டம் வந்த பிறகு பல கடைகளில் ஸ்டூல் வந்திருப்பது உண்மை. அதில் உட்கார்ந்தால் ஃப்ளோர் மேனேஜர் முறைக்கிறார் என்பதும் உண்மை. அதனால்தான் இன்டர்வியூவிலேயே கேட்க வேண்டும் என்கிறேன். வேலையில் சேர்ந்த பிறகு அவள் தனி ஆள். ஒரு செக்‌ஷனில் ஒருத்தி. இன்டர்வியூவில்தான் பத்துப் பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பத்துப் பேரும் ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள், ஒரே மாதிரி பஸ் ஏறி வந்தவர்கள். மறுபடி அப்படி ஒரு நேரம் வாய்க்காது.

எல்லா இடத்திலும் ஆள் எடுப்பது இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. மதுரையிலும் விருதுநகரிலும் கிளை திறந்திருக்கும் பிராண்டு கடைகளின் முறை வேறு. அங்கேயும் எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்துத்தான் உட்காரவைக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பார்கள். பிறகு இரண்டு பேரை எழுப்பி, ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் விற்பனையாளர், பேசிக் காட்டுங்கள் என்பார்கள். எங்கள் பிள்ளைகள் இங்கே தடுமாறுவது ஆங்கிலத்தால் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை தடுமாறுவது கூச்சத்தால்தான். அடுத்தவர் பேசும்போது அவர் முகத்தைப் பார்க்கிறீர்களா, குறுக்கே பேசாமல் இருக்கிறீர்களா, பக்கத்தில் தயங்குகிறவளுக்கு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கிறீர்களா என்றுதான் அவர்கள் கவனிக்கிறார்கள். கடைக்கு வரும் குடும்பத்தில் முடிவெடுக்கிறவர் யார், சும்மா பார்க்க வந்தவர் யார் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். பொருட்காட்சியில் நாலு மணி நேரம் அலைந்து ஒரு ஜோடி வளையல் வாங்குகிற அம்மாவோடு வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியாதா? தமிழிலேயே நிமிர்ந்து பேசுங்கள். தெரியாத ஆங்கில வார்த்தையை மனப்பாடம் செய்து உளறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆனால் இந்தக் கடைகளிலும் கேட்க வேண்டிய கேள்விகள் அதேதான். கடையில் நேரடி வேலையா, ஏஜென்ஸி மூலமா? கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு, அதில் சாப்பாட்டுக்குப் பிடிப்பது எவ்வளவு? விற்பனைக்கு இன்சென்டிவ் உண்டென்றால் கணக்கை யார் காட்டுவார்கள்? வைப்பு நிதிக்கான பன்னிரண்டு இலக்க எண் எந்த மாதத்தில் கையில் கிடைக்கும்? தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியுமா?

கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். எங்கள் ஊரில் அது சிரிக்கிற விஷயம் இல்லை. வருடம் முழுக்க வெடிமருந்தோடு கிடந்த அம்மாவுக்குத் தீபாவளி முடிந்துதான் முதல் ஓய்வு. அவள் செய்த வெடி நாடு முழுக்க வெடிக்கிற அன்று அவள் வீட்டில் இருப்பாள். ஆடித் தள்ளுபடிக்குச் சேர்க்கப்பட்ட மகளுக்கோ அந்த வாரம்தான் மூச்சு விட நேரமில்லாத வாரம். தீபாவளிக்கு முந்தின இரவு கடைசி வாடிக்கையாளருக்குக் கட்டைப்பை கொடுத்து அனுப்பிவிட்டு அவள் பஸ் ஏறினால், ஊர் வந்து சேரும்போது தெருவெல்லாம் காகிதக் குப்பைதான் கிடக்கும். அம்மாவும் மகளும் ஒரே பண்டிகைக்காக உழைத்து, அந்தப் பண்டிகையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியாத வீடுகள் சிவகாசி வட்டாரத்தில் எத்தனையோ இருக்கின்றன.

இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. வந்தால் உள்ளூரிலேயே துணி சார்ந்த வேலை கிடைக்கும், பிள்ளைகள் வீட்டில் படுத்து எழுந்து வேலைக்குப் போகலாம் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறோம். நானும்தான். அப்போதும் ஆள் எடுப்பார்கள். அப்போதும் பத்து நாற்காலி போட்டு, ரிஜிஸ்டரை விரித்து, அப்பா என்ன பண்றாரு என்று கேட்பார்களா என்பதுதான் என் கவலை.

அக்கா மகள் அந்த ஆறு பேரில் ஒருத்தி. அவள் போகவில்லை. அசல் சான்றிதழைக் கேட்டபோது, நகல் தருகிறேன், அசலைக் காட்டிவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னாள். மறுபடி அழைப்பு வரவில்லை. இப்போது இன்னும் வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறாள். என் அக்கா இன்னும் ஃபயராபீஸ் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். கேள்வி கேட்டால் வேலை போகும் என்ற பயம் பொய்யில்லை என்பதற்கு எங்கள் வீடே சாட்சி. அதனால்தான் ஒருத்தியை மட்டும் கேட்கவிட்டு மற்றவர்கள் தலை குனியக் கூடாது என்கிறேன்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகும் அம்மா, அண்ணன், சித்தி எல்லோருக்கும் சொல்கிறேன். சுவரோரம் சும்மா நிற்காதீர்கள். டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளோடு பேசுங்கள். சம்பளச் சீட்டு, வைப்பு நிதி எண், வேலை நேரம், உட்கார இடம், அசல் சான்றிதழ். இந்த ஐந்தையும் பத்துப் பேரும் கேட்பதென்று முடிவுசெய்துகொண்டு உள்ளே போகச் சொல்லுங்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிற தனியார் துறை முகாம்களுக்கும் இதே ஜவுளிக்கடைகள்தான் வந்து மேசை போடுகின்றன. முகாம் நடத்துவது அரசு. வாசலில் நிற்பதும் அரசு அதிகாரிகள். கடைகள் சட்டத்தை அமல்படுத்தும் தொழிலாளர் துறையும் அதே அரசுதான். அடுத்த முகாமில் ஒவ்வொரு ஜவுளிக்கடை மேசையிலும் இந்த ஐந்துக்கான பதிலைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய பிறகுதான் முதல் டோக்கனைக் கூப்பிட வேண்டும் என்று விருதுநகர் மாவட்ட ஆட்சியர் உத்தரவிட வேண்டும்.